சிரானுஷுக்கு நான் சொல்லாமல் வைத்திருந்த பெயர்

தொலைபேசி வந்தபோது நான் பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்று முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தில் வாகான், சிரானுஷின் தம்பி. "மாலா, அக்கா இண்டைக்குக் காலமை போயிட்டா" என்றார். முருங்கைக்காயைக் கீழே போட்டுவிட்டு ஐயோ என்று கத்தினேன். கடைக்காரத் தம்பி ஓடிவந்து, "என்னக்கா, ஊரிலை ஆருக்கும் ஏதுமோ?" என்று கேட்டார். "ஊரிலை இல்லை, என்னோடை வேலை செய்தவ, ஒரு ஆர்மேனியா மனிசி" என்றேன்.

அழுதேன் என்பது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு நிமிடம் கழித்து வந்தது பொறாமை. எங்கே அடக்கம் என்று கேட்டேன். "ஆர்னூவில்லிலைதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்திலை" என்றார் வாகான். ஆர்னூவில், பாரிஸ் ஓரத்தில் ஆர்மேனியர் கூடி வாழும் ஊர். கொடுத்துவைத்த மனிசி என்று நினைத்தேன். என் அப்பாவின் சாம்பல் கீரிமலையில் கரைந்தது, அம்மாவை ரொறொன்ரோவில் எரித்தோம், என்னை எங்கே என்ன செய்வார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இவருக்கோ செத்த பிறகும் போய்ப் படுக்க ஒரு வரிசை இருக்கிறது.

நினைவஞ்சலி என்றால் இறந்தவரின் நல்ல குணங்களைத்தான் எழுதவேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பதினைந்து வருடம் இந்த அம்மையாரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரியும் வராது. லா சப்பல் தமிழர்களில் அவரை அறிந்தவர்கள் மிகச் சிலர். அறியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அண்மையில் ஒரு ஆஸ்பத்திரியின் துணி அறையில் நாங்கள் வேலை செய்தோம். பெரிய விரிப்புகளை மெஷின் மடித்துவிடும். கிழிந்து தைத்து வந்தவற்றைக் கையால் மடிக்கவேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவருக்கு இரண்டு மூலை, எனக்கு இரண்டு மூலை. உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்த்துவிட்டுத் திரும்பப் பின்னால் போகவேண்டும். ஒரு நாளில் இருநூறு முன்னூறு தடவை ஒருவர் முகத்தை ஒருவர் கிட்டப் பார்ப்போம். அப்படி வேலை செய்கிறவர்களால் கனக்க நாள் எதையும் ஒளிக்க முடியாது. நாங்கள் பேசியது பிரெஞ்சில், அவருடையது இங்கே பிறந்தவரின் பிரெஞ்சு, என்னுடையது பிச்சைக்காரப் பிரெஞ்சு. அதை என் வாய்த் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

2009 வைகாசியில் நான் அங்கே சேர்ந்து மூன்று மாதம். வன்னியில் சண்டை எல்லாம் முடிந்த கிழமை. வீங்கிய கண்ணோடு வேலைக்குப் போனேன். மற்றவர்கள் பார்த்தும் பாராததுபோல் போனார்கள். சிரானுஷ் மட்டும் கிட்ட வந்தார். அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. குட்டையான, அகன்ற உருவம், வெட்டிய நரைமுடி.

"உம்மடை ஆக்கள் ஆராவது உள்ளுக்கையோ?" என்று கேட்டார்.

"சின்னம்மா குடும்பம். ஒரு தகவலும் இல்லை."

"அப்ப இண்டைக்குக் கதைக்க வேண்டாம். மடிப்பம், வாரும்."

அன்று எட்டு மணித்தியாலம் ஒரு சொல் பேசாமல் மடித்தோம். வேலை முடிந்து சப்பாத்து மாற்றும்போதுதான், "எங்களுக்கும் நடந்தது. தொண்ணூற்றிநாலு வருஷத்துக்கு முதல்" என்றார். அவருடைய அப்பாவைப் பெற்றவர்கள் ஹார்பெர்த் என்ற ஊர்ப்பக்கம். இப்போது அது துருக்கிக்குள் இருக்கிறது. ஆர்மேனியர்களைக் கொன்றும் துரத்தியும் முடித்த காலத்தில் தப்பி, அலெப்போ வழியாக, மார்செய் வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். வந்தது எரிச்சல். "உங்களுக்கு இப்ப ஒரு நாடு இருக்குத்தானே?" என்று கேட்டேன்.

"ஒரு துண்டு இருக்கு. ஆனால் எங்கடை வீட்டு ஆக்கள் வந்தது அந்தத் துண்டிலை இருந்து இல்லை."

துண்டாம்! எங்களுக்கு அந்தத் துண்டும் இல்லையே என்று நினைத்துக்கொண்டு மெத்ரோவில் ஏறினேன். சின்னம்மா குடும்பத்தில் இருவர் முகாமில் இருப்பதாகப் பிறகு தகவல் வந்தது. முதலில் அவரிடம்தான் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதவர் அவர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒவ்வொரு சித்திரையிலும் ஆர்மேனியர்கள் சேன் ஆற்றங்கரையில் தங்கள் நினைவுச் சிலையடியில் கூடுவார்கள். அடுத்த வருடம் என்னையும் அழைத்துப் போனார். மூவர்ணப் பட்டி போட்ட பெரிய மனிதர்கள், பூவளையம், கமராக்கள், தெருவை மறித்து மரியாதையாக நிற்கும் பொலிஸ். எங்கள் ஊர்வலத்துக்கும் பொலிஸ் வந்ததுதான், எங்களைக் கண்காணிக்க வந்தது. சுற்றிவர எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, நான் ஒரு விசரி மாதிரி விரலை மடக்கிக்கொண்டு நின்றேன்.

"என்ன எண்ணுறீர்?" என்றார் சிரானுஷ்.

"பூவளையம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்கடை அப்பா சாகும்வரைக்கும் வெளியிலை இருந்து ஒருத்தரும் ஒரு பூவும் கொண்டு வரேல்லை. நாங்களே வாங்கி, நாங்களே வைச்சு, நாங்களே அழுதிட்டு வீட்டை போவம். உமக்கு இப்ப பூ வேணுமெண்டால் தொண்ணூறு வருஷம் பொறுப்பீரோ?" என்று கேட்டார். பொறுக்கமாட்டேன் என்றேன். "நாங்களும் அப்பிடித்தான் சொன்னனாங்கள்" என்று சிரித்தார்.

ஹார்பெர்த்துக்கு அவர் ஒரேயொரு தடவை போயிருக்கிறார். அப்பா சொன்ன கிராமத்தின் பெயர் மாறிவிட்டிருந்தது. கேட்டுக் கேட்டுப் போனால் ஒரு தேவாலயத்தின் அரைச் சுவர், அதில் சாய்த்துவைத்த வைக்கோல். வீடு எது என்று காட்ட ஆளில்லை. ஒரு கிழவர் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து, மெல்ல, "உங்கடை ஆக்கள் தங்கத்தை எந்தப் பக்கம் தாட்டவை?" என்று கேட்டாராம். அங்கே வந்துபோகிற ஆர்மேனியர் எல்லோரும் புதைத்த தங்கத்தைத் தேடித்தான் வருகிறார்கள் என்று அந்த ஊருக்கு ஒரு நினைப்பு. "நான் தங்கம் தேடி வரேல்லை, கிணறு எது எண்டு பாக்க வந்தனான் எண்டு சொன்னன். அந்தாள் நம்பேல்லை" என்று சிரானுஷ் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கிணறு எங்கே என்று எனக்குத் தெரியும், போகத்தான் விடுகிறார்கள் இல்லை. அவருக்குப் போக விடுகிறார்கள், எங்கே என்றுதான் தெரியவில்லை. இரண்டிலே எது மேல் என்று நாங்கள் சண்டை பிடித்தது பல நாள்.

என் ஊர் வசாவிளான். 1990 ஆனியில், எனக்குப் பதினாலு வயதில், ஷெல்லடிக்குப் பயந்து ஓடிவந்தோம். அதன்பிறகு அது இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயம். கம்பி போட்டு மூடியாயிற்று.

இப்படி இருக்கையில் ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு சிரானுஷ் வெயிலில் கறுத்து, ஒரு பை நிறைய உலர்ந்த முசுக்கட்டைப் பழத்தோடு வந்து, "மாலா, நானும் வாகானும் வீடு வாங்கிட்டம்" என்றார். ஷுஷி என்ற மலை நகரத்தில், கராபாக்கில். ஆர்மேனியர்கள் அந்த மலைநாட்டை அர்த்சாக் என்பார்கள். சோவியத் காலத்தில் அது அசர்பைஜானுக்குள் விடப்பட்டது, ஆனால் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆர்மேனியர். தொண்ணூறுகளில் நடந்த சண்டையில் ஆர்மேனியர் வென்றார்கள். உலகத்தில் ஒரு நாடும் அதை ஒரு நாடாக ஏற்கவில்லை.

"வரைபடத்தைப் பாத்தால் அது அசர்பைஜான்" என்றார் ஒரு விரிப்பை உதறிக்கொண்டே. "அங்கை போய் நிண்டால் கோயில் சுவரிலை நூற்றுக்கணக்கான வருஷத்து எங்கடை எழுத்து. நான் எதை நம்பிறது, சொல்லும்."

"நீங்கள் ஹார்பெர்த் ஆக்களெல்லே. ஷுஷிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று குத்தினேன்.

"ஹார்பெர்த்திலை ஏலாது. ஏலுமான இடத்திலை வாங்கினன். உம்மை வசாவிளானுக்கு விடாட்டி, நீர் கிளிநொச்சியிலை ஒரு காணி வாங்க மாட்டீரோ?"

"கிளிநொச்சியிலையோ? நான் ஏன் அங்கை போறன்!" என்றேன். வன்னி ஊர் என்றால் கீழாக நினைக்கும் வலிகாமத்து மண்டைக்கனம் வாயை முந்திக்கொண்டது. அதை மொழிபெயர்க்கத் தேவையில்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு கிழமை என்னைப் பழித்துச் சிரித்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆவணியும் எனக்கு வயிற்றெரிச்சல் மாதம். அவர் ஷுஷிக்குப் போவார். படங்கள் வரும். கூரை போடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரி பாண் கொண்டுவருகிறா, மலைக்குக் கீழே முகில் கிடக்கிறது. இவர் பிறக்காத ஊரில் வீடு பூசிக்கொண்டிருக்கிறார், நான் பிறந்த ஊரில் யாரோ கீரை விதைக்கிறான். படத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கதிரையில் எறிவேன். என் கணவர் ரவி, "உனக்கு அந்த மனிசியிலை ஏன் இவ்வளவு கடுப்பு? அவ உனக்கு என்ன செய்தவ?" என்று கேட்பார். "ஒண்டும் செய்யேல்லை, அதுதான் கடுப்பு" என்பேன்.

பதிலுக்கு நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் காணியை வளர்க்கத் தொடங்கினேன். உண்மையில் அது நாலு பரப்பு, ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். முதல் வருடம் எட்டுப் பரப்பு என்றேன். அடுத்த வருடம் மாமரம் மூன்றானது. அவர் ஷுஷியில் மாடி எடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கும் மாடி வந்தது. ஒரு நாள் மடித்துக்கொண்டிருக்கும்போது, "போன வருஷம் மூண்டு மாமரமெண்டெல்லோ சொன்னனீர், இப்ப ஆறு எண்டுறீர்?" என்றார் கண்ணைச் சுருக்கி.

"புதுசா மாங்கண்டு வைச்சது" என்றேன்.

"ஆர், ஆமிக்காரனோ?"

மூலையைக் கைவிட்டுவிட்டு இருவரும் நிலத்தில் குந்திச் சிரித்தோம். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் பிடிபட்ட பொய்களில் அதைப்போல் சந்தோசமாகப் பிடிபட்ட பொய் வேறில்லை.

சில வருடங்களில் வசாவிளானில் ஒரு பகுதியை விட்டார்கள். பிரெஞ்சுப் பத்திரம் கையில் இருந்ததால் போய்வந்தேன். எங்கள் காணி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். வேலிக்கு வெளியே நின்று தென்னைமர வட்டு இரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வேலைக்கு வந்ததும் சிரானுஷ் முதலில் கேட்டது, "கம்பியிலை கை வைச்சனீரோ?"

"ஓம்."

"எந்த இடத்திலை வீடு எண்டு விரலாலை காட்டக்கூடியதா இருந்ததோ?"

"ஓம்."

அவர் விரிப்பைப் பலமாக இழுத்தார். முகம் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த மனிசியும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறா என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருடம் முழுக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் அவர் எனக்கு ஒன்றைச் சொன்னார். ஷுஷி வீடு ஆர்மேனியர் கட்டிய வீடல்ல. சண்டைக்கு முன் அந்த நகரத்தில் பெரும்பாலும் அசர்பைஜானியர்தான் இருந்தார்கள், எல்லோரும் ஓடவேண்டி வந்தது. உள்கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு கீறி, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஏதோ எழுதியிருந்ததாம். "வீடு முழுக்கப் பூசினன், மாலா. அந்த நிலையை மட்டும் பூசேல்லை. வாகானுக்கு என்னிலை கோபம், அவையும் எங்கடை ஆக்களைப் பாக்கு நகரத்திலை இருந்து துரத்தினவைதானே எண்டு. அதுவும் உண்மைதான். எண்டாலும் நான் தூரிகையை வைச்சிட்டன்." என்னை நம்பிச் சொன்னார். நான் அதை எடுத்துப் பத்திரமாக ஒளித்துவைத்தேன், கத்தியை ஒளித்து வைப்பதுபோல.

2020 கார்த்திகை. கொரோனாக் காலம், துணி மலையாகக் குவியும், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும். நாற்பது நாளுக்கு மேலாகக் கராபாக்கில் சண்டை. ஒரு நாள் காலை, ஷுஷி போய்விட்டது என்று செய்தி. அவர் வேலைக்கு வந்தார். பதினொரு வருடத்துக்கு முன் நான் வந்ததுபோல் வந்தார். அன்று எனக்கு அவர் செய்ததை நான் அவருக்குச் செய்திருக்கவேண்டும். "கதைக்க வேண்டாம், மடிப்பம்" என்று இரண்டு சொல். அது எனக்குத் தெரியாததா?

விரிப்பைப் பிடித்துக்கொண்டு அவர், "எங்கடை வீடு போச்சு, மாலா" என்றார். நான் சொன்னேன்: "அது முதலே உங்கடை வீடு இல்லைத்தானே. அவையின்ரையை அவை எடுத்திட்டினம்."

சொல்லி முடிக்கமுன்பே நாக்கை வெட்டிப் போடவேண்டும் போலிருந்தது. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், இனி ஆவணியில் படம் வராது என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் நான் அவருக்கு அஞ்சலி எழுதத் தகுதியில்லாதவள். சிரானுஷ் கிட்ட நடந்து வந்து தன்னுடைய மூலைகளையும் என் கையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் இஸ்திரிக்கைப் பக்கம் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறும்வரை ஒரு வருடம் ஒரே அறையில் 'பொன்ஜூர்' மட்டும்தான்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு, நடந்ததைச் சொல்லி அழுதேன். ரவி, "சோனகத் தெருவைப் பற்றி அந்த மனிசிக்கு நீ எப்பவாவது சொன்னனியோ?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. என் ஊரைப் பற்றி, கம்பியைப் பற்றி, இல்லாத மாமரங்களைப் பற்றியெல்லாம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. வசாவிளானிலிருந்து ஓடிவந்து நாலு மாதம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்தோம். ஐப்பசியில், எங்கள் பெயரால் துவக்கு வைத்திருந்தவர்கள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேறச் சொன்னார்கள். சனத்தைக் கையோடு எதையும் கொண்டுபோக விடவில்லை. வெறுமையாய்ப்போன சோனகத் தெருவில், பள்ளிவாசலுக்குப் பின்பக்கம், பச்சைக் கேற் போட்ட வீடொன்றில் எங்களைப்போன்ற இரண்டு குடும்பத்தை இருத்தினார்கள். அரிசிப் பெட்டியில் அரைவாசிக்கு அரிசி இருந்தது. அம்மா மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாம் நாள் உலை வைத்தா. ஐந்து வருடம் அந்த வீட்டில்தான் படித்தேன், படுத்தேன், பெரியபிள்ளையானேன்.

2023 புரட்டாதியில் தொலைக்காட்சியில் அந்த மலைப்பாதை தெரிந்தது. மிச்சமிருந்த ஆர்மேனியர் எல்லோரும் கார்களிலும் லொறிகளிலும் கராபாக்கைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கூரையில் மெத்தை, சைக்கிள், மடியில் கிழவிகள். 1995இல் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தபோது நானும் இப்படியொரு வரிசையில் நடந்திருக்கிறேன். ரவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "போ. இனியும் போகாட்டி நீ மனிசி இல்லை" என்றார்.

கார் து நோரில் ரயில் எடுத்து ஆர்னூவில்லில் இறங்கினேன். கதவைத் திறந்தவர் நன்றாக மெலிந்திருந்தார். நெஞ்சு வருத்தம் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"என்ன, எரியுற வீட்டிலை குளிர்காய வந்தனீரோ?" என்றார்.

"இல்லை, மதாம். ஒண்டு சொல்ல வந்தனான். நானும் மற்றவையின்ரை வீட்டிலை இருந்தனான்."

உள்ளே வரச்சொன்னார். பச்சைக் கேற்றில் தொடங்கி அரிசிப் பெட்டிவரை எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கோப்பி ஆறிப்போயிற்று. அழுவார், அணைப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

"அந்த வீட்டுக்காரரின்ரை பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. ஐந்து வருடம் அந்த வீட்டில் சோறாக்கித் தின்றேன், ஒரு நாளும் யாரையும் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் சிரானுஷ். "ரஷ்ய எழுத்துத் தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு அந்த நிலையை வாசிப்பிச்சனான். எல்ச்சின், செவ்தா. செவ்தாதான் உயரம். உமக்கு ஒரு பேரும் தெரியாது, என்ன?"

இங்கேயும் என்னை வென்றுவிட்டா! வீடு போய், ஊர் போய், நெஞ்சும் பழுதாகிக் கிடக்கிற மனிசியைப் பார்த்து எனக்கு மறுபடியும் எரிந்தது.

"போய்க் கேளும்" என்றார் கதவடியில். "பேரைக் கேட்டுக்கொண்டு வாரும். அதுக்குப் பிறகு உம்மோடை பழையபடி கதைக்கிறன்."

அம்மா இருந்திருந்தால் அம்மாவைக் கேட்டிருப்பேன். ரொறொன்ரோவிலுள்ள அண்ணனுக்குத் தெரியவில்லை. லா சப்பலில் தெரிந்த யாழ்ப்பாணத்து ஆட்களையெல்லாம் கேட்டேன். பலருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் தேவன் அண்ணையின் சலூனுக்குப் போனேன். அவர் முந்தி யாழ்ப்பாணம் டவுனில் முடிவெட்டிய ஆள்.

"அண்ணை, சோனகத் தெருவிலை, பள்ளிவாசலுக்குப் பின்னாலை, பச்சைக் கேற் வீடு ஆரின்ரை எண்டு தெரியுமோ?"

கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு யோசித்தார். "அது காசிம் நானாவின்ரையெல்லே. சைக்கிள் கடை. என்ரை சைக்கிளும் அவர் பூட்டித் தந்ததுதான். மூத்தவள் ரிஸ்வானா, உம்மடை வயசு வரும். பிறகு நவாஸ் எண்டு ஒரு பொடியன். போன மற்றவையைப்போல இப்ப புத்தளத்திலையாக்கும்."

முறைக்குக் காத்திருந்த ஒருவர், "எங்கடை பிரச்சினையே தலைக்கு மேலை கிடக்கு. உதை ஏன் இப்ப கிண்டுறியள்?" என்றார்.

"அவ கேக்கட்டும், விடு. எங்களிலை ஒருத்தராவது கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேவன் அண்ணை திரும்ப வெட்டத் தொடங்கினார்.

அன்றே ரயில் ஏறியிருக்கலாம். ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று சொல்கிறேன், காறித் துப்புங்கள். அவரிடமும் பெயர், என்னிடமும் பெயர் என்றால் சரிக்குச் சரிதானே. எனக்கு மேலே போகவேண்டியிருந்தது. புத்தளத்தில் ரிஸ்வானாவைத் தேடிப் பிடித்து, அவளோடு பேசிவிட்டு, பிறகு ஆர்னூவில்லுக்குப் போய், "நான் கதைச்சனான், மதாம். நீங்கள் செவ்தாவோடை கதைச்சனீங்களோ?" என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் பிழையில்லாமல் சொல்லப் பழகியும் வைத்திருந்தேன். புத்தளத்துக்கு ஆள் மேல் ஆள் பிடித்துத் தகவல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நாள், ஒரு கிழமை, இரண்டு கிழமை. பதினாறாம் நாள்தான் அந்த மரக்கறிக் கடை வாசலில் தொலைபேசி அடித்தது. புத்தளம் என்று நினைத்து எடுத்தேன்.

அடக்கத்துக்கு ரவியும் வந்தார். தேவாலயத்தில் எழுந்து நின்று பாடினார்கள், ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த சின்னப் பெட்டைகள் வரைக்கும் எல்லோருக்கும் அந்தப் பாட்டுப் பாடமாக இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன். மயானத்தில் வாகான் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன கிழமையும் கேட்டவ, மாலா ஃபோன் எடுத்தவவோ எண்டு. ஏதோ பேர் கொண்டு வருவா எண்டு சொன்னவ. எங்களுக்கு விளங்கேல்லை."

ரவி என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் வரிசையாகப் போய் ஒரு பிடி மண் போட்டார்கள். யாரோ ஆர்மேனியாவிலிருந்து கொண்டுவந்த கொஞ்ச மண்ணை வாகான் முதலில் தூவினார். என் முறை வந்தது. குழிக்குக் கிட்டக் குனிந்து, மெல்ல, காதுக்குள் சொல்வதுபோல் அந்தப் பெயர்களைச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற வாகான், "என்ன சொன்னனீர்?" என்றார்.

"அவ கேட்ட பேர்."

"அப்ப பலமாச் சொல்லும். அக்காவுக்குக் கடைசிக் கிழமையளிலை இரண்டு காதும் கேக்கிறேல்லை."

நிமிர்ந்தேன். கறுப்புடுப்புப் போட்ட அத்தனை ஆர்மேனியரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கம் இல்லை, ஒன்றும் இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"காசிம் நானா, மதாம்! பிள்ளைகள் ரிஸ்வானா, நவாஸ்! யாழ்ப்பாணம், சோனகத் தெரு! பிந்திப் போனன், மன்னியுங்கோ. போயிட்டு வாங்கோ!"